மடிந்தோர் கூறும் சாட்சி

பேய்க்கதை என்றதும் முகஞ் சுளிப்பது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மூடநம்பிக்கையை வளர்ப்பது, பாமரரை அச்சுறுத்திக் காசு பறிப்பது, வாழ்க்கைப் பிரச்சினைகளிலிருந்து மக்களைத் திசை திருப்புவது என்று அதன்மேற் சுமத்தப்படும் குற்றங்கள் பல. திரையில் உலவும் பேய்களிற் பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை இவை நியாயமானவையே. ஆயினும், போரைப் பின்னணியாகக் கொண்டெழுந்த சில பேய்க்கதைப் படங்களை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, இத்தீர்ப்பினை நாம் திருத்திக்கொள்ள வேண்டியவர்களாகின்றோம். உயிரோடிருப்போர் மறக்க விரும்பும் உண்மைகளைக் கூறுவதற்கே அப்படங்களில் மடிந்தோர் எழுந்து வருகின்றனர்.

முதல் உலகப் போரின் முடிவிலேயே இவ்வகைப் படம் தோன்றிவிட்டது. பிரெஞ்சு நெறியாளர் ஆபெல் கான்ஸ் 1919ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ என்னும் மௌனப் படத்தில், போர்க்களத்துப் பிணங்கள் எழுந்து தத்தம் ஊர் நோக்கி நடக்கின்றன. தாம் சிந்திய குருதிக்கு ஊரவர் தகுதியுடையோராய் வாழ்கின்றனரா என்று பார்ப்பதே அவற்றின் நோக்கம். பிணங்களாக நடித்தோர் போர்முனையிலிருந்து விடுமுறையில் வந்த உண்மைப் படைவீரர்கள். அவர்களிற் பலர் முனைக்குத் திரும்பிச் சில வாரங்களுள் மாண்டனர் என்று கான்ஸ் பின்னர் கூறினார். நடிப்புக்கும் மரணத்துக்கும் இடையே அத்துணை சிறிய இடைவெளியே இருந்தது.

ஆனால், இவ்வகைப் படங்கள் முழு வளர்ச்சி பெற்ற இடம் யப்பான் எனலாம். அங்கு போருக்கும் ஆவிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஸெயாமி செம்மை செய்த நோ நாடகங்களில், போரில் வீழ்ந்த வீரரின் ஆவியை நாயகனாகக் கொண்ட தனி வகையொன்று உண்டு. ஊர் சுற்றும் துறவியின் முன் ஆவி தோன்றித் தான் மடிந்த விதத்தைக் கூறி, தன் ஈடேற்றத்துக்காகப் பிரார்த்திக்குமாறு இரக்கும். இக்கலை இராணுவ ஆட்சியாளரான ஷோகன்களின் ஆதரவில் வளர்ந்தது. ஆதலின் அவ்வகை நாடகங்களில் எழுந்துவரும் ஆவிகள் பெயரும் குலமும் படைத்தவை. வயலில் வெட்டுண்ட உழவனுக்கு அவ்வரிசையில் இடமிருக்கவில்லை. நமது கலிங்கத்துப்பரணியிலும் பேய்கள் களத்திற் கூழட்டு உண்டு வென்ற வேந்தனையே வாழ்த்தின என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இறந்தபின் பேசும் உரிமையும் உயர்ந்தோருக்கே உரியதாயிருந்தது.

இவ்வுரிமையைக் குடிசைக்கு மாற்றியது மிசோகுச்சி கென்ஜி 1953ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய ‘உகெட்சு’. மிசோகுச்சி தாமே குற்றமற்றவரல்லர். போர்க்காலத்தில், 1941–42ஆம் ஆண்டுகளில், தலைவனுக்காக உயிர் துறக்கும் விசுவாசத்தைப் போற்றும் ‘நாற்பத்தேழு சாமுராய்கள்’ கதையை அரச விருப்பிற்கிணங்க இரு பாகங்களாகப் படமாக்கியவர் அவர். தோல்விக்கும் ஹிரோஷிமாவுக்கும் பின்னர் எடுத்த படத்தில் அவர் சாமுராயை விட்டுவிட்டுக் குயவனையும் அவன் மனைவியையும் நாடினார்.

படத்தின் மூலம் உவேடா அகினாரி என்பார் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத்தொகுதியிலுள்ள இரு கதைகள். மூலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களே நம் கவனத்துக்குரியன. முதற் கதையில், வாணிகத்துக்காகத் தலைநகர் சென்ற கணவன் ஆண்டுகள் பல கழித்து வீடு திரும்பி மனைவியுடன் ஓரிரவு கழிக்கின்றான். காலையில்தான் அவள் என்றோ இறந்தவள் என்பது தெரிகின்றது. அவள் காத்திருந்து மாண்டாள். படத்திலோ அவளது மரணம் நம் கண்முன்னே நிகழ்கின்றது. குழந்தையை முதுகிற் சுமந்து, கையில் சிறிது உணவுடன் செல்லும் மியாகியைப் பசியால் வெறிகொண்ட படைவீரர்கள் ஈட்டியாற் குத்துகின்றனர். குத்தியவர்களும் தள்ளாடும் பட்டினிக்காரர்களே. இரண்டாங் கதையில் ஆடவனை மயக்குபவள் ஒரு பாம்பு. படத்தில் அவள், நொபுனாகாவின் படையால் அழிக்கப்பட்ட குடும்பமொன்றின் இளவரசி வகாசா. இயற்கையின் தீய சக்தியாயிருந்தது போரின் பலியாக மாறிவிட்டது.

குயவன் கென்ஜுரோவையும் படம் விட்டுவைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர் அவனுக்கு நல்ல சந்தையாகவே முதலில் தோன்றுகின்றது. பாண்டங்கள் விற்கின்றன, வெள்ளி கிடைக்கின்றது. அவன் அயலவன் தோபே, வேறொருவர் கொய்த தலையைத் திருடிக் கொடுத்துச் சாமுராய் ஆகின்றான். படைவீரராற் கெடுக்கப்பட்ட தன் மனைவியை விலைமகளிர் இல்லத்திற் காண்கின்றான். போரினால் இலாபமடைய எண்ணிய எளியவர் அதன் விலையைத் தம் பெண்களின் உடலாற் செலுத்தினர். பிறநாடுகளை ஆக்கிரமித்து ஆதாயந் தேடிய யப்பானுக்கு 1953இல் இதன் பொருள் விளங்காமற் போயிருக்காது. வெனிஸ் விழா அவ்வாண்டு இப்படத்துக்கு வெள்ளிச் சிங்க விருது வழங்கியது.

எனினும் மியாகியின் ஆவி மன்னிக்கும் ஆவி. கணவனுக்கு உணவிட்டு, அவன் உறங்கும்போது உடையைத் தைத்து, இறுதியிற் சக்கரத்தடியிலும் அவனுக்குத் துணைநிற்கின்றது. தோபேயின் கதையை இன்னுங் கசப்பாக முடிக்கவே மிசோகுச்சி விரும்பினார், நிறுவனம் இடங்கொடுக்கவில்லை.

மன்னிக்க மறுக்கும் ஆவிகளைப் படைத்தவர், மிசோகுச்சியிடம் தொழில் கற்ற ஷிண்டோ கானெட்டோ. 1912ஆம் ஆண்டில் ஹிரோஷிமா மாகாணத்திற் பிறந்தவர். 1944ஆம் ஆண்டில் கட்டாயமாகக் கடற்படையிற் சேர்க்கப்பட்டார்; அவருடனிருந்த நூறு பேரில் ஆறு பேரே எஞ்சினர். 1952ஆம் ஆண்டில், அமெரிக்க ஆக்கிரமிப்புத் தணிக்கை நீங்கியதும், ஹிரோஷிமாவின் பிள்ளைகளைப் பற்றிப் படமெடுத்தார். அவர் 1968ஆம் ஆண்டில் எடுத்த ‘குரோநேகோ’, அதாவது ‘கரும்பூனை’, இவ்வகைப் படங்களுள் மிகக் கடுமையானது.

மூங்கிற் காட்டோரக் குடிசையொன்றில் மாமியும் மருமகளும் வாழ்கின்றனர். சாமுராய்க் கூட்டமொன்று புகுந்து உண்டு, இருவரையுங் கெடுத்துக் கொன்று, குடிசைக்குத் தீ வைத்துச் செல்கின்றது. ஆவிகளான பெண்கள் உலகிலுள்ள சாமுராய் அனைவரையும் கொல்வதாகச் சபதஞ் செய்கின்றனர். இந்நிலையில், போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட மகன் திரும்பி வருகின்றான். பகைத் தலைவனின் தலையைக் கொணர்ந்தமையால் அவன் இப்போது சாமுராய். ஆவிகளை அழிக்குமாறு அவனுக்கே கட்டளை பிறக்கின்றது. மனைவி சபதத்தை மீறி ஏழிரவு அவனோடு வாழ்ந்து நரகம் புகுகின்றாள். தாய் சபதத்தைக் கைவிடவில்லை.

உழவன் மகனை உழவர்க்கெதிராக நிறுத்துவதே படையின் இயல்பு என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது. அவன் கையிலுள்ள வாள் எசமானன் தந்தது. எதிரே நிற்பவள் பெற்றவள். யாரைக் கொன்றாலும் அவனுக்கு வெற்றியில்லை. எரிந்த வீட்டில், பனி கொட்ட, அவன் மடிகின்றான். கான் விழாவின் 1968ஆம் ஆண்டுப் போட்டிக்கு இப்படம் தெரிவாகியிருந்தது. பிரான்சில் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தமையால் அவ்விழா இடையில் நிறுத்தப்பட்டது.

பேய் உண்டா இல்லையா என்பதன்று இப்படங்கள் எழுப்பும் வினா. வென்றவர்க்குக் கல்வெட்டு உண்டு; வீழ்ந்த தளபதிக்கும் நாடகம் உண்டு. கைப்பிடி உணவுக்காகக் குத்துண்டு வீழ்ந்த தாய்க்கு ஏடுமில்லை, கல்லுமில்லை. அவளது வழக்கை விசாரிக்க மன்றம் கூடாத வரையில் அவள் இரவில்தான் வந்தாக வேண்டும். ‘உகெட்சு’வின் இறுதியில், அவளது சிறுவன் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துச் சென்று கல்லறைமேல் வைக்கின்றான். பறிக்கப்பட்ட உணவு அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நமக்கு மனம் வருமா?