திண்டுக்கல் மலைக்கோட்டை

திண்டுக்கல் நகரை ஒட்டி, சமவெளியில் தனித்து எழும் மொட்டைப் பாறைமேல் அமைந்த கோட்டை. பாறையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 அடி. மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. தென்மேற்குப் பருவமழையைப் பழனி மலை மறித்துவிடுவதால் இடைப்பட்ட நிலம் வறண்டு, ஐப்பசி கார்த்திகை மழையையும் கிணற்றையும் நம்பிய செம்மண் காடாக இருக்கிறது. குடகனாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும்.

விளைச்சலுக்காக யாரும் இந்தப் பாறைக்கு ஆசைப்படவில்லை. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கு இறங்கும் படைகளுக்கு இரு மலைகளுக்கும் நடுவிலுள்ள இந்த வெளியே வாகான வழி. உச்சியில் நின்றால் அந்த வழி முழுதும் கண்ணுக்குள் அடங்கும்.

மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் வசமானது. 1755-இல் இங்கே பௌஜ்தாராக (படை ஆளுநராக) வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் ஆயுதச் சாலை அமைத்தார். மைசூரை ஆளும் முன்பே அவர் தனக்கென ஒரு படையைத் திரட்டிக்கொண்ட இடம் இது. 1772-இல் சிவகங்கையை இழந்த அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல் பகுதியிலுள்ள விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்று, ஹைதரின் உதவியோடு 1780-இல் நாட்டை மீட்டார்.

ஆங்கிலேயர் 1767-இல் கோட்டையைப் பிடித்து அடுத்த ஆண்டே இழந்தனர். 1783-இல் மீண்டும் பிடித்து, மங்களூர் உடன்படிக்கைப்படி 1784-இல் ஹைதரின் மகன் திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தனர். மூன்றாம் முறை 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வந்தார். பீரங்கிகள் மதிலை உடைத்தும், உடைப்பின் வழியே ஏறிய படையைக் காவலர்கள் விரட்டியடித்தனர். ஆனால் மறுநாளே கோட்டை சரணடைந்தது. வெல்லப்பட்டது என்பதைவிட ஒப்படைக்கப்பட்டது என்பதே பொருத்தம். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கை திண்டுக்கல்லை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உறுதியாக்கியது. கம்பெனியை எதிர்த்த கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

உச்சியிலுள்ள அபிராமி அம்மன் கற்கோயிலில் இன்று மூலவர் இல்லை. அம்மனுக்கு நகருக்குள்ளேயே வழிபாடு நடக்கிறது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாறையில் வெட்டிய படிகளில்தான் ஏற வேண்டும். வழியில் நிழல் குறைவு என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.