கயிற்றில் ஒட்டிய மணலும் மணற்பையின் எடையும்

பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும் துல்லியச் சுடுதலில் துப்பாக்கியின் பாரத்தைச் சுமப்பது வீரரின் தோள் அன்று; மேசைமீது வைக்கப்பட்ட மணற்பைகளே சுமக்கின்றன. முன்புறம் ஒரு பை, துப்பாக்கிக் கட்டையின் பின்பகுதிக்கு அடியில் முயற்காது போன்ற இரு மடிப்புகளுடன் மற்றொரு பை. குண்டு வெளியேறும் கணத்தில் துப்பாக்கி பின்னோக்கி வழுக்கிச் செல்ல வேண்டும். பை மட்டும் நகரக் கூடாது. ஐந்து குண்டுகளையும் ஏறத்தாழ ஒரே துளைக்குள் செலுத்த முயலும் விளையாட்டில், பையினுள் எதை நிரப்புவது என்ற வினா அற்பமானதன்று. அவ்வினாவின் வரலாற்றில் ஒரு கிளை திருவிதாங்கூர்க் கடற்கரை வழியாகவே செல்கிறது.

கொச்சிக் காயலின் நடுவே உள்ள வல்லார்பாடத்தில் காலடியில் கிடைப்பது பெரும்பாலும் பெரியாறு கொணர்ந்த வண்டல். 2011இல் தொடங்கிய சரக்குப்பெட்டக முனையத்துக்காகக் கப்பற்பாதையில் இடைவிடாமல் வாரி எடுக்கப்படுவதும் இதே சேறுதான். காய்ந்தால் கட்டியாகும்; நனைந்தால் ஊதும். பைக்கு உதவாது. வெளிக்கரை மணலில் உப்பு இருப்பதால் இடவப்பாதி மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து இறுகிவிடும். அரிசி, பயறு போன்றவற்றைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கேரளத்து ஈரத்தில் வண்டு முந்திக்கொள்ளும். நன்கு கழுவி உலர்த்திய குவார்ட்சு மணல் பொதுவான தீர்வு. ஆனால் அதன் ஒப்படர்த்தி 2.65 மட்டுமே, ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.6 கிலோ நிற்கும். அதே பையில் சிர்க்கான் மணலை நிரப்பினால் லிட்டருக்கு 2.8 கிலோ வரை ஏறும். மேலை நாட்டுப் போட்டியாளர்கள் ‘கன மணல்’ என்று நாடுவது பெரும்பாலும் இந்தச் சிர்க்கானை அல்லது குரோமைட்டை. இரண்டும் வார்ப்பாலை அச்சுகளுக்காகச் சந்தைக்கு வந்தவை. துப்பாக்கி வீரர்கள் அவற்றைக் கடன் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே.

சிர்க்கான் இன்று ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மிகுதியாக எடுக்கப்படுகிறது. ஆயினும் கன மணலைக் கடற்கரையில் தேடும் தொழில் இந்தியாவில் வேரூன்றியது ஒரு தற்செயலால். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க் ஆராய்ந்தபோது அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அவர் தேடியது எடையை அன்று, தோரியத்தை. ஆவுர் வெல்ஸ்பாக் உருவாக்கிய எரிவாயு விளக்கு வலைகளுக்குத் தோரியமே உயிர். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பர்க் கைதானார்; தொழில் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. மின்விளக்கு வந்து வலைகளின் சந்தை சரிந்தபின், அதுவரை கழிவாக ஒதுக்கப்பட்ட இல்மனைட், வெள்ளைச் சாயத்துக்கான மூலப்பொருளாக மதிப்புப் பெற்றது. எது சரக்கு, எது கழிவு என்பதை மணல் தீர்மானிப்பதில்லை.

கன மணலின் வரலாறு உண்மையில் பிரித்தெடுத்தலின் வரலாறு. முதற்பிரிப்பை அலை செய்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை அரைந்து வந்த மணலில், மழைக்காலக் கடல் இலேசான குவார்ட்சை இழுத்துக்கொண்டு கறுத்த கனிமங்களைக் கரையில் விட்டுச் செல்கிறது. மீதியை ஆலை செய்கிறது. இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்துக்கு இழுபடும். சிர்க்கான் இரண்டுக்கும் அசையாது. மோனசைட் மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்துக்குச் சற்றே இழுபடும். இந்நுண்ணிய வேறுபாடுகளே சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் ஒரே மணலைப் பல சரக்குகளாக்குகின்றன.

பிரிக்காத கருமணலை அப்படியே பையில் நிரப்பினால் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். எடை கிடைக்கும்; கூடவே தோரியமும் கிடைக்கும். மோனசைட் கருமணலில் சிறு பங்குதான். ஆனால் பின்பை, சுடுபவரின் கன்னத்துக்குச் சாண் தொலைவில் இருக்கிறது. தையல் வழியே கசியும் தூசி மூச்சோடு உள்ளே போகும். கருநாகப்பள்ளிக் கரையோர மக்களிடையே நடந்த நீண்ட ஆய்வு, 2009இல் வெளியான முடிவுகளில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்பது உண்மையே. அது மண்ணின் மேல் வாழ்வதைப் பற்றிய முடிவு. தூசியைச் சுவாசிப்பதற்கு அதைச் சான்றாக்க இயலாது. தூய சிர்க்கானும் முற்றிலும் நிரபராதி அன்று. அதன் படிகத்துக்குள்ளேயே சிறிதளவு யுரேனியமும் தோரியமும் பூட்டப்பட்டுள்ளன, எந்தக் காந்தமும் அவற்றைப் பிரிக்காது. இலேசான குவார்ட்சைத் தேர்ந்தால் அதன் நுண்தூசி சிலிக்கோசிஸ் நோய்க்கு வழி. பை எதுவாயினும் இறுக்கமான தோலும் இரட்டைத் தையலும் தேவை என்று அனுபவமுள்ளோர் வற்புறுத்துவது அழகுக்காக அன்று.

பையிலிருந்து விலக்கப்பட்ட மோனசைட் எங்கே போயிற்று? 1946இல் திருவிதாங்கூர் திவான் சி. பி. இராமசாமி ஐயர் அதன் ஏற்றுமதியைத் தடுத்தார். அணுயுகத்தில் அது பேரம் பேசும் பொருளாகியிருந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் உருவானது. 1952இல் ஆலுவாவை அடுத்த உத்யோகமண்டலில் அதன் மோனசைட் ஆலை தொடங்கிற்று. அங்கே பிரித்த தோரியச் சேர்மங்கள் ஆலை வளாகத்தின் சேமிப்புக் கலன்களில் வைக்கப்பட்டன. ஆலைக்கருகே ஓடும் பெரியாற்றுக் கிளை இறங்கும் காயலில்தான் வல்லார்பாடம் இருக்கிறது. துப்பாக்கிப் பையின் எடையைத் தேடிப் புறப்பட்ட கதை, ஒதுக்கிய பொருளின் வழியே இத்தீவின் வாசலுக்குத் திரும்பிவிடுகிறது.

எடுத்த இடத்தின் கணக்கு வேறு. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டாகிய ஆலப்பாட்டில், கருமணல் அகழ்வை நிறுத்தக் கோரி 2018 நவம்பரில் மக்கள் தொடர் உண்ணாநிலை தொடங்கினர். கரை மெலிவதற்கு அகழ்வே காரணம் என்பது அவர்கள் வாதம். கடலரிப்பையும் தடுப்புச் சுவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மறுதரப்பு. 2019இல் நடுவணரசு கடற்கரைக் கனிமங்களின் அகழ்வைத் தனியாருக்கு மூடி, அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கியது. ஆலப்பாட்டில் அகழ்ந்தவை முன்பே அரசு நிறுவனங்கள்தாம்.