முடிமுத்திரை பொறித்த குறுந்துப்பாக்கி

நாணயமும் தபால்தலையும் ஏட்டுச்சுவடியும் தேடித் தொகுப்போரை நாம் நன்கறிவோம். ஒரு முறைக்கு ஒரே தோட்டா வெடிக்கும் பழைய படைத்துப்பாக்கிகளைத் தொகுப்போர் மேலைநாடுகளில் ஒரு தனிக் கூட்டமாகவே இருந்து வருகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடுவனவற்றுள் ஒன்று, குதிரைப் படையினர் ஏந்திய 'கார்பைன்' என்னும் குறுந்துப்பாக்கி.

இவ்வகையில் பெயர் பெற்றது பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி. ரைபிளாக 1871இல் ஏற்கப்பட்டது. குதிரைப் படைக்குரிய கார்பைன் 1877இல் வந்தது. அடிப்புறத்து நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக்கட்டை தாழ்ந்து, வெடித்த தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும். புதியதைச் செருகி நெம்புகோலை மேலேற்றினால் சுடுவதற்கு ஆயத்தம். ரைபிளின் குழல் 33 அங்குலம். கார்பைனின் குழலோ 21 அங்குலத்தைச் சற்றே தாண்டும். எடை குறைந்த துப்பாக்கியில் ரைபிளின் தோட்டாவை வெடித்தால் சுடுபவரின் தோள் தாங்காது. ஆகவே 85 கிரெய்ன் மருந்தை 70 ஆகவும், 480 கிரெய்ன் குண்டை 410 ஆகவும் குறைத்துக் கார்பைனுக்கெனத் தனித் தோட்டா செய்தனர்.

சேகரிப்போர் முதலில் நோக்குவது குழலையன்று. வலப்பக்கத்து இரும்புத் தகட்டையே. அங்கே முடிச்சின்னம், அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.' எழுத்துகள், என்ஃபீல்டு என்னும் தொழிற்சாலைப் பெயர், ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். சில துப்பாக்கிகளில் அத்தொழிற்சாலைப் பெயரிலுள்ள 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். வேறு சிலவற்றில் ஆண்டு 1901க்குப் பிற்பட்டதாயிருக்கும்; அரசியோ அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார்! உடனே, "இது கைபர் போலி" என்று கூறி விலையைக் குறைத்துவிடுவர். நாம் சொல்ல வந்தது இந்தப் போலியைப் பற்றியே.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளையருடையதைவிட ஒரு படி தாழ்ந்த ஆயுதமே வழங்குவது ஆங்கிலேயரின் வழக்கமாயிற்று. 1880 ஜூலை 27ஆம் நாள் மைவாந்துப் போர்க்களத்தில் 66ஆம் ரெஜிமென்ட் வெள்ளையர் மார்ட்டினி-ஹென்றி ஏந்தி நின்றனர். அவர்களுக்குப் பக்கத்திலேயே பம்பாய்ப் படையினர் பழைய ஸ்னைடர் துப்பாக்கியுடன் நின்றனர். அன்று அமீர் ஷேர் அலியின் மைந்தர் அய்யூப் கான் வென்றார். தோற்றோர் விட்டுச்சென்ற துப்பாக்கிகள் ஆப்கானியர் கைக்குச் சென்றன. தம் சிப்பாய்க்கே கொடுக்க அஞ்சிய ஆயுதம், எதிரியின் தோளில் ஏறிற்று.

ஆயினும் கைப்பற்றியதும் களவில் பெற்றதும் எத்தனை நாள் போதும்? பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அப்ரீதிப் பட்டாணியர் துப்பாக்கி செய்யத் தொடங்கினர். உலை, அரம், கைத்துளைப்பான் ஆகியவற்றைக் கொண்டே, கையிலிருந்த ஒரு துப்பாக்கியைப் பார்த்து இன்னொன்றைச் செய்தனர். ரோமன் எழுத்தை வாசித்தறியாத கம்மியருக்கு முடிச்சின்னமும் எழுத்தும் ஒரே பூவேலைதான். 'என்' திரும்பியதற்கு அதுவே காரணமாயிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதில் மோசடியே இல்லை என்று நாம் வாதாடப் புகவில்லை. பிறர் பெயரைப் பொறித்து விற்பதை, அளவையிலும் நிறுவையிலும் நேர்மை பேணச் சொல்லும் நம் மார்க்கம் எங்ஙனம் ஏற்கும்? 2001க்குப்பின் ஆப்கானிஸ்தானுக்குப் போன அந்நியப் படைவீரர்கள் கடைத்தெருவில் இவற்றை வாங்கிச் சென்றனர். அமெரிக்கச் சட்டத்தில் 1899க்கு முன் செய்யப்பட்டது பழம்பொருளாகக் கருதப்படும். எனவே பொறித்த ஆண்டு பழையதாயிருப்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வசதியாயிற்று! இது கலப்பற்ற வாணிக வஞ்சகம். ஆனால் நூறாண்டுக்கு முன் தன் கணவாயைக் காக்கச் செய்தவனையும், நேற்று நினைவுப்பொருள் விற்றவனையும் ஒரே சொல்லால் 'போலி' என்றழைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. சேகரிப்பவருக்கு அது பொய்த் துப்பாக்கியாயிருக்கலாம். 1897இல் அப்ரீதிகள் எழுந்தபோது கைபர்க் கோட்டைகள் வீழ்ந்ததை நினைவிற்கொண்டால், அம்மலைநாட்டில் வெடித்த எந்தத் துப்பாக்கியையும் பொய்யென்று கூற நமக்கு மனம் வரவில்லை.

வாங்கியவர் இவற்றைச் சுடாமல் சுவரில் மாட்டி வைப்பதே நலம் என்பர் அறிந்தோர். இரும்பின் தரம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். முறைப்படி வெடித்துச் சோதிக்கும் சாலை அக்கம்மியர்க்கு இருந்ததில்லை.

காபூலில் கதை வேறு. அமீர் அப்துர் ரஹ்மான் 1880களில் இயந்திரங்களை வரவழைத்து 'மஷீன் கானா' என்னும் தொழிற்சாலையை நிறுவினார். அங்கும் மார்ட்டினி-ஹென்றியின் அச்சிலேயே துப்பாக்கிகள் செய்யப்பட்டன. காபூல் துப்பாக்கிகளில் முடிச்சின்னத்தின் இடத்தில் மிஹ்ராபும் மிம்பரும் கொண்ட பள்ளிவாசல் முத்திரையும், ஹிஜ்ரி ஆண்டும் காணப்படுகின்றன.