பூட்டும் திறப்பும்

ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தில் எதை எழுதாமல் விடவேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்குக் கீழே மழை, கல்யாணம், அனுப்பிய காசு. உறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டு வந்து சேர்ந்ததும் உண்டு. ஆகவே பில் சிமர்மன் என்ற அமெரிக்கர் தபாலட்டையையும் உறையையும் உதாரணமாக வைத்துச் செய்த வாதம் நமக்குப் புதிதல்ல. எல்லோரும் தபாலட்டையில் எழுதும் ஊரில் ஒருவன் மட்டும் உறையிட்டால் சந்தேகம் அவன்மேல் விழும். இரகசியம் இல்லாதவர்களும் உறையிடவேண்டும் என்பதே அவர் கேட்டது.

1991இல் அவர் பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் இரண்டு திறப்புகள். ஒன்றை ஊருக்கே கொடுத்துவிடலாம், அதனால் கடிதத்தைப் பூட்டத்தான் முடியும். திறப்பதற்கான மற்றது நம்மிடமே இருக்கும். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வலிமையான குறியாக்கம் போர்த் தளபாடங்களின் பட்டியலில் இருந்தது. மென்பொருள் கணனி வலைகளினூடாக எல்லை கடந்துவிட, 1993இல் அவர்மீது குற்ற விசாரணை தொடங்கிற்று. 1995இல் எம்.ஐ.ரி. பதிப்பகம் அதன் நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டது. கணனியில் இருந்தால் ஆயுதம், தாளில் இருந்தால் புத்தகம்! 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு எதுவுமின்றி விசாரணை கைவிடப்பட்டது.

சட்டத்திடம் தப்பிய மென்பொருள் சனங்களிடம் தோற்றது. 1999இல் விற்றன், ரைகர் என்ற இரு ஆய்வாளர்கள், மின்னஞ்சல் நன்கு பழகிய 12 பேருக்கு 90 நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலொரு பங்கினரே சரியாகப் பூட்டி அனுப்பினர். மூவர் இரகசியத்தை அப்படியே வெளியில் அனுப்பிவிட்டனர். 2012 இறுதியில் எட்வர்ட் ஸ்னோடன் தொடர்பு கொண்டபோது, பத்திரிகையாளர் கிளென் கிறீன்வால்ட் கூட இதைக் கணனியில் நிறுவாமல் இழுத்தடித்தார். நம்மில் சிலரும் திறப்புச் செய்து, கடவுச்சொல்லை மறந்து, அத்தோடு விட்டவர்கள்தாம். சோம்பலென்று நம்மையே திட்டிக்கொண்டோம். பிழை பூட்டின் அமைப்பில் இருந்தது.

2016 ஏப்ரலில் நூறு கோடிக்கு மேற்பட்டோரின் வட்ஸ்அப் உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்பட்டன. யாரும் எதையும் படிக்கவோ நிறுவவோ வேண்டியிருக்கவில்லை. சிமர்மன் கேட்ட உறை, ஊரிலிருக்கும் அம்மாவின் கைக்கு அவருக்குத் தெரியாமலே வந்து சேர்ந்தது.

ஆனால் உறையின்மேல் முகவரி இருக்கிறது. யார் யாரோடு, எப்போது பேசினார் என்பதை இந்தப் பூட்டு மறைப்பதில்லை. உரையாடல்களின் சேமிப்புப் பிரதியைப் பூட்டும் வசதியும் 2021இல்தான் வந்தது. அதை நாமே தேடிப் போடவேண்டும். ஊரிலிருக்கும் அக்கா ஒருவருக்கு அதைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. அந்த 64 இலக்கத் திறப்பை எங்கே எழுதிவைப்பது என்று கேட்டார்.