ஒரு ரயில் விளையாட்டு இரண்டு தடவை இடம்பெயர்ந்த கதை



வரலாறு படிப்பிக்கிறவர்கள் ராஜாக்களையும் யுத்தங்களையும் விட்டால் வேறெதையும் எழுதமாட்டார்களா என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்கு ஒரு கணினி விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2001ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் கம்பனி 'ட்ரெயின் சிமுலேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. அதைச் செய்துகொடுத்தது குஜு என்ற இங்கிலாந்து நிறுவனம். வீட்டுக் கணினியில் இருந்துகொண்டே ரயில் ஓட்டலாம். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. நேரத்துக்குப் புறப்பட வேண்டும், சிக்னலைக் கவனிக்க வேண்டும், நிலையத்தில் மேடைக்கு நேராக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே ஆறு பாதைகள் இருந்தன: அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று, ஒஸ்திரியாவில் ஒன்று.

ஆறு பாதையோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை வந்திருக்காது. அந்த சீடியிலேயே பாதை அமைக்கும் கருவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அடிக்கடி நின்றுபோகும் கருவிதான். பாவித்தவர்கள் எல்லாரும் அதைத் திட்டியிருக்கிறார்கள். ஆனாலும் உலகம் முழுக்க ஆட்கள் அதை வைத்துக்கொண்டு தங்கள் ஊர்ப் பாதையைக் கட்டத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள், பொறியியலாளர்கள், பாடசாலைப் பிள்ளைகள் என்று பல வகையினர். பழைய வரைபடத்தைத் தேடி எடுப்பார்கள், நிலையத்துக்குப் போய்ப் படம் பிடிப்பார்கள், எந்த வளைவில் எத்தனை மைல் வேகம் என்று ஓட்டுநர்களிடம் கேட்பார்கள். ஒரு பாதைக்கு இரண்டு மூன்று வருடம் போவது சாதாரணம். கட்டி முடித்ததை இலவசமாகப் பகிர்ந்தார்கள்.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது தண்டவாளத் துண்டுகளின் விஷயம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இத்தனை மீற்றர் நீளம், இந்தளவு வளைவு என்று எல்லாம் ஒரே ஒரு பட்டியல் கோப்பில் இருக்கும். அமெரிக்காவில் ஒருவர் புதுத் துண்டு செய்து ஓர் இலக்கம் போட, ஐரோப்பாவில் இன்னொருவர் அதே இலக்கத்தை வேறொரு துண்டுக்குப் போட்டால், இரண்டு பேரின் பாதையையும் ஒரே கணினியில் வைத்திருக்க முடியாது. இதைத் தீர்த்துவைக்க கம்பனி வரவில்லை. தன்னார்வலர்களே இலக்கங்களைப் பங்கிட்டு, உலகம் முழுவதுக்கும் பொதுவான ஒரு பட்டியலை வைத்து, காலத்துக்குக் காலம் புதுப்பித்து வந்தார்கள். காணி உறுதி எழுதிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் துண்டு எது என்று எல்லாருக்கும் தெரியும், தகராறு இல்லை.

கம்பனியின் பக்கம் கதை வேறு. இரண்டாம் பதிப்புக்கான முதல் முயற்சி இடையிலேயே கைவிடப்பட்டது. மறுபடி 2007இல் அறிவித்தார்கள். 2009 ஜனவரியில் நடந்த ஆட்குறைப்பில், அதைச் செய்துகொண்டிருந்த ஏசஸ் என்ற பிரிவையே மூடிவிட்டார்கள். அத்தோடு சரி. ஆட்கள் எட்டு வருடமாகக் கட்டிய பாதைகள் எல்லாம், இனி யாரும் பராமரிக்காத ஒரு மென்பொருளுக்குள் அகப்பட்டுக்கொண்டன. விண்டோஸ் மாற மாற அந்த விளையாட்டும் தடுமாறியது. வெளியாட்கள் செய்த ஒரு திருத்தம்தான் அதைக் கொஞ்ச காலம் ஓட வைத்தது.

அதே 2009இல் சிலர் சேர்ந்து 'ஓபன் ரெயில்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், விலை இல்லை. அவர்கள் எடுத்த முதல் தீர்மானத்தில்தான் முழுக்கதையும் இருக்கிறது. புதிய விளையாட்டு, புதிய பாதைகள், புதிய கோப்பு முறை என்று போகவில்லை. பழைய கோப்புகளை அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் திறந்து ஓட்டக்கூடிய புதிய எஞ்ஜினை எழுதுவோம் என்றார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? பழைய விளையாட்டின் கோப்புகளில் பல வெறும் யுனிகோட் எழுத்துக் கோப்புகள். ரயில் எஞ்ஜினின் எடை, பிரேக், வேகம் எல்லாம் அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்பட்டிருக்கும். நோட்பேட்டில் திறந்து வாசிக்கலாம். ஒரு பூட்டுக்குள் வைத்து மூடியிருந்தால் இந்தக் கதை 2009இலேயே முடிந்திருக்கும்.

(நம்மவர்களுக்கு இது விளங்க அதிகம் கஷ்டமில்லை. பாமினியில் டைப் பண்ணிய பழைய வினாத்தாள்களையும் பாடசாலை மலர்களையும் இன்றைக்குக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகள் சிந்திக் கிடக்கும். எழுத்துரு போனால் எழுதியதும் போன மாதிரிதான்.)

ஐந்து வருட உழைப்புக்குப் பிறகு 2014இல் ஓபன் ரெயில்ஸ் முதலாம் பதிப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கீழே நிலம் ஆடத் தொடங்கியிருந்தது. புதிய எஞ்ஜினை அவர்கள் எழுதியது எக்ஸ்என்ஏ என்ற அடித்தளத்தின் மேல். அதுவும் மைக்ரோசொப்ட்டுடையதுதான், 2006இல் வந்தது. இனிப் புதிய பதிப்பு வராது என்று 2013இல் தெரிந்துவிட்டது. ஒரு கம்பனி கைவிட்ட வீட்டிலிருந்து வெளியேறி, அதே கம்பனி கைவிடப்போகிற இன்னொரு வீட்டில் குடியேறிய கதையாகிவிட்டது.

எக்ஸ்என்ஏயின் மிகப்பெரிய குறை, அது 32 பிட் உலகத்தைச் சேர்ந்தது. எத்தனை பெரிய கணினி வாங்கினாலும் நிகழ்ச்சிநிரல் நான்கு ஜிகாபைட் நினைவகத்தைத் தாண்ட முடியாது. நெருக்கமான நகரம், நூறு பெட்டிச் சரக்கு ரயில் என்று பெரிய பாதைகளில் நினைவகம் நிரம்பி நின்றுபோகும்.

இங்கேதான் இரண்டாவது இடப்பெயர்வு. எக்ஸ்என்ஏயை நம்பியிருந்த வேறு விளையாட்டுக்காரர்களும் உலகத்தில் நிறையப் பேர். அவர்களில் சிலர் அதன் கட்டளைகளையே பின்பற்றி 'மொனோகேம்' என்ற திறந்த மூல அடித்தளத்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். ஓபன் ரெயில்ஸ் ஆட்கள் அதற்கு மாறத் தீர்மானித்தார்கள். முதலில் உத்தியோகபூர்வமற்ற தனிக் கிளையாக ஓட்டிப் பார்த்தார்கள். பிழை பிடித்து, திருத்தி, கடைசியில் 2021இல் வந்த 1.4ஆம் பதிப்பில் பிரதான மென்பொருளே மாறியது. 64 பிட் வந்தது, நினைவகச் சுவர் போனது, படம் வரைகிற வேலை டைரக்ட்எக்ஸ் 11க்குப் போனது. பாதை கட்டியவர்களுக்கு இதற்காக ஒரு வேலையும் வைக்கவில்லை. நேற்று ஓடிய கோப்பு இன்றும் ஓடியது.

மாறுவதென்று வந்துவிட்டால் அன்ரியல், யுனிட்டி போன்ற பெரிய கேம் எஞ்ஜினுக்கே போயிருக்கலாமே, படம் கண்ணாடி மாதிரி இருக்குமே என்று கணினி தெரிந்த பிள்ளைகள் கேட்பீர்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பாருங்கள்.

கணினி ஒரு பொருளின் இடத்தை ஓர் எண்ணாக வைத்திருக்கும். வழமையான 32 பிட் எண்ணில் ஏறக்குறைய ஏழு இலக்கங்கள்தான் நம்பகமானவை. பொருள் தொடக்கப் புள்ளியிலிருந்து தள்ளிப்போகப் போகத் துல்லியம் குறையும். கொழும்பிலிருந்து பதுளை வரை ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர். கோட்டையை பூச்சியம் என்று வைத்தால், பதுளையில் போய் நிற்கிற ரயிலைச் சென்ரிமீற்றர் கணக்கான தாவல்களாகத்தான் நகர்த்த முடியும். சில்லுகள் தண்டவாளத்தின் மேல் நடுங்கும். துப்பாக்கி விளையாட்டின் களம் ஒன்றிரண்டு கிலோமீற்றர், அங்கே இந்தப் பிரச்சினை தெரியாது. அன்ரியல் எஞ்ஜின் இதற்காக 64 பிட் எண்ணுக்கு மாறியதே 2022இல்தான்.

2001இல் செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? உலகத்தை 2048 மீற்றர் நீளமும் அகலமும் கொண்ட சதுரங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்தச் சதுரம், அதன் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இரண்டு தகவல். தூரம் 1024 மீற்றரைத் தாண்டாது, ஆகவே துல்லியம் ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. அந்தச் சதுரக் கணக்கு ஒவ்வொரு கோப்பிலும் ஊறியிருக்கிறது. ஓபன் ரெயில்ஸ் அதையே காப்பாற்றி வைத்திருக்கிறது. பெரிய எஞ்ஜினுக்குள் கொண்டுபோனால் நிலம், சிக்னல், பாதை எல்லாவற்றையும் அதன் முறைக்கு மாற்றவேண்டி வரும்.

அப்படி மாறியவர்களின் அனுபவமும் கண்முன்னே இருக்கிறது. டவ்டெயில் என்ற நிறுவனம் தன் பழைய ரயில் விளையாட்டை வைத்துக்கொண்டே, அன்ரியல் எஞ்ஜினில் 'ட்ரெயின் சிம் வேர்ல்ட்' செய்தது. பார்க்க மிக அழகு, மறுக்கமாட்டோம். ஆனால் பழையதில் காசு கொடுத்து வாங்கிய பாதை புதியதில் திறக்காது. எல்லாம் முதலிலிருந்து கட்ட வேண்டும், திரும்பவும் வாங்க வேண்டும். வியாபாரத்துக்கு அது சரிவரும். இலவசமாகக் கட்டிய ஆயிரக்கணக்கான வேலைகளை, அதுவும் கட்டியவர் இறந்துபோயிருந்தால், யார் திரும்பக் கட்டுவது?

அனுமதிப் பிரச்சினையும் உண்டு. பழைய பாதைகள், ரயில்கள் பலவற்றில் "அனுமதியின்றி மாற்றக்கூடாது" என்ற குறிப்பு இருக்கும். அனுமதி கேட்க ஆளில்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. மூலக் கோப்பைத் தொடாமல், பக்கத்தில் 'ஓபன் ரெயில்ஸ்' என்று ஒரு சிறிய போல்டர். அதற்குள் ஒரு கோப்பு, "பழையதை முழுக்க வாசி, இந்த நாலு வரியை மட்டும் இப்படி மாற்றிக்கொள்" என்று சொல்லும். ரயிலின் உராய்வைக் கணக்கிட 1926இல் டேவிஸ் என்ற பொறியியலாளர் தந்த சூத்திரத்தின் மூன்று எண்களை அதில் போட்டால், பழைய எஞ்ஜின் மலையேறும்போது உண்மையாகவே மூச்சு வாங்கும்.

விலை கொடுக்காமலும் இல்லை. பழைய கோப்புகளில் மூடாத அடைப்புக்குறி, தவறான எண் என்று ஏராளம் பிழைகள். பழைய விளையாட்டு அவற்றைக் கண்டும் காணாமல் விட்டது. புதியதும் விடத்தான் வேண்டும். சகித்துக்கொண்டு, கண்ட பிழைகளை ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. சில பாதைகளுக்கு அந்தப் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். படமும் இன்றைய விளையாட்டுகளுக்குப் பக்கத்தில் மங்கல்தான். 2001இல் வரைந்த மரம் 2001இல் வரைந்த மரமாகவே நிற்கும்.

ஆனால் வரலாறு படிப்பிக்கிற நமக்கு அந்த மரம்தான் வேண்டும். ஆரம்ப ஆறு பாதைகளில் ஒன்று ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள ஹிசட்சு மலைப்பாதை. நமது தெமோதரையைப் போல அங்கேயும் ஒகோபா என்ற இடத்தில் ஒரு வளையம் உண்டு. கூடவே ரயில் முன்னும் பின்னும் போய் ஏறுகிற ஏற்பாடும் உண்டு. 2020 ஜூலையில் பெய்த கடும் மழையில் அந்தப் பாதை பாதிக்கப்பட்டு சேவை நின்றுபோனது. மழைக்கு 19 வருடத்துக்கு முந்திய அந்தப் பாதை கணினிக் கோப்பில் இருக்கிறது, வளையத்தில் ரயில் ஏறுகிறது.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஓபன் ரெயில்ஸுக்குள் மைக்ரோசொப்ட்டின் அந்த ஆறு பாதைகளும் இல்லை. அவை கம்பனியின் சொத்து, கொடுக்க முடியாது. தன்னார்வலர்களின் இலவசப் பாதைகளை இறக்கிக்கொள்ளலாம். ஹிசட்சுவில் ஏற வேண்டுமென்றால் மூல சீடி வேண்டும். நம் ஊரில் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது அந்த 2001 சீடி கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள், நாம் வந்து பார்க்கிறோம்.