ரூஸ்வெல்ட்டைக் கொன்ற இரத்த அழுத்தம்

1945 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஓய்வில் இருந்தார். ஓவியர் ஒருவர் அவரைப் பார்த்து வரைந்து கொண்டிருந்தார். மதியம் ஒரு மணிக்கு மேல், பின்தலை கடுமையாக வலிக்கிறது என்றார் அதிபர். அப்படியே நினைவிழந்து சாய்ந்தார். மருத்துவர் வந்து அளந்தபோது இரத்த அழுத்தம் 300/190! மூளையில் இரத்தக் கசிவு. 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 63.

உலகம் இதைத் திடீர் மரணம் என்றே நினைத்தது. ஆனால் 1937லேயே அவருக்கு அழுத்தம் 162/98. 1941ல் 188/105. இன்று 140/90ஐத் தொட்டாலே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வார். அன்றைய மருத்துவர்கள் பலரின் எண்ணமே வேறு. வயதாகும்போது இரத்தக் குழாய்கள் தடித்துப் போகின்றன, அதை ஈடுகட்ட உடலே அழுத்தத்தை ஏற்றிக் கொள்கிறது, குறைத்தால்தான் ஆபத்து என்று நம்பினார்கள். போதாக்குறைக்கு அதிபரின் சொந்த மருத்துவர் ராஸ் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர்!

1944 மார்ச்சில்தான் ஹோவர்ட் ப்ரூயென் என்ற இருதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இருதயம் பெரிதாகி, செயலிழக்கத் தொடங்கியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டிஜிடாலிஸ் மருந்து, உப்பு குறைந்த உணவு, ஓய்வு, சிகரெட்டைக் குறைப்பது... அன்று கையில் இருந்தது அவ்வளவுதான். மூச்சுத்திணறல் குறைந்தது. அழுத்தம் இறங்கவில்லை.

மக்களிடம் அதிபர் நலமாக இருக்கிறார் என்றே சொல்லப்பட்டது. அந்த நவம்பரில் நான்காவது முறையாகவும் வென்றார். பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கும் போய் வந்தார். போரின் முடிவைப் பேசிய ஒருவரின் நிலை இது என்பதை வாக்களித்தவர்கள் அறியாதது பெரிய அநியாயம்தான். ப்ரூயென் முழு விவரத்தையும் எழுதியது 1970ல்.

1948ல் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் அழுத்தம் இருப்பவர்களுக்கே இருதய நோய் அதிகம் வருகிறது என்று 1961ல் அது காட்டியது. 1949ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், நம் நாட்டு சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றி பிரிட்டிஷ் இதழில் எழுதினார். சிறுநீரோடு உப்பை வெளியேற்றும் குளோரோதயசைடு மாத்திரை 1958ல் கடைக்கு வந்தது. ரூஸ்வெல்ட் இறந்து அப்போது 13 ஆண்டுகள்.