சமர்கந்திலிருந்து ஹேக் வரை: வழக்காடும் உரிமை

தாம்பரத்திலிருந்து தெற்கே வண்டலூர் சென்று, கிழக்கே திரும்பும் சாலை கேளம்பாக்கத்தை அடைகிறது. அங்கே புயற்காலத்தில் மக்கள் ஒதுங்குவதற்கென எழுப்பப்பட்ட கட்டடம் ஒன்றில், மியான்மரின் அரக்கான் பகுதியிலிருந்து உயிர்தப்பி வந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் பல்லாண்டுகள் தங்கியிருந்தன. 1982ஆம் ஆண்டுச் சட்டம் ரோஹிங்கியாக்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. நாடற்ற அவர்கள் எந்த நீதிமன்றத்தை நாடுவது?

ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் அரசுகள் மட்டுமே வழக்காடலாம். எனவே 2019 நவம்பர் 11 அன்று, ஆப்பிரிக்காவின் சிறுநாடான காம்பியா, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவுடன், 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின்கீழ் மியான்மர்மீது வழக்குத் தொடுத்தது. இவ்வழக்கிற்கெனக் காம்பியா தேர்ந்த சிறப்பு நீதிபதி, டர்பனில் பிறந்த தமிழ் வழியினரான நவநீதம் பிள்ளை. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என முதன்முதலில் நிலைநாட்டிய ருவாண்டா தீர்ப்பாயத்தின் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய மூவருள் அவரும் ஒருவர்.

காம்பியா நேரடியாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே அதற்கு வழக்காடும் தகுதியில்லை என்று மியான்மர் வாதிட்டது. 2022 ஜூலை 22 அன்று பதினைந்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் இதனை நிராகரித்தது. உடன்படிக்கையில் இணைந்த ஒவ்வொரு நாட்டிற்கும் அதனைக் காக்கும் உரிமையுண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வலியோனுக்கு எதிராக எளியோன் வழக்காடுவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 93இல் தளபதி குதைபா சமர்கந்தைக் கைப்பற்றினார். உடன்பாட்டை மீறி வஞ்சகமாக நுழைந்தார் என்று அந்நகரத்தார் பின்னாளில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் முறையிட்டனர். அவர்கள் ஒரு காழியை நியமிக்கச் செய்தார்கள். முஸ்லிம் படை வெளியேற வேண்டும் என்று காழி தீர்ப்பளித்தார். மீண்டும் போர் மூளுவதை விரும்பாத நகரத்தார், படை அங்கேயே இருக்க இசைந்தனர். இதனைப் பலாதுரீயும் தபரீயும் பதிந்துள்ளனர். போர், உடன்படிக்கை ஆகியவற்றின் சட்டங்களை 'ஸியர்' என்னும் துறையாக விரித்துரைத்தவர் ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) ஆவார்.

சமர்கந்துத் தீர்ப்பின் பின்னே கலீஃபாவின் ஆணை நின்றது. ஹேக் தீர்ப்பின் பின்னே அத்தகைய ஆற்றல் இல்லை. அதனைச் செயற்படுத்த வேண்டிய பாதுகாப்பு அவையில் ஐந்து வல்லரசுகளுக்குத் தடையதிகாரம் உண்டு. 1986இல் நிகரகுவா வழக்கில் தோற்ற அமெரிக்கா, அவ்வதிகாரத்தாலேயே தீர்ப்பை முடக்கியது. ரோஹிங்கியாக்களைக் காக்குமாறு 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இட்ட இடைக்கால ஆணையும் அகதிகளை ஊர்திரும்பச் செய்யவில்லை.

எனினும் அவ்வழக்கு திறந்த வழியிலேயே 2023 டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்கா, காஸா மக்களுக்காக இஸ்ரேலுக்கு எதிராக ஹேக் சென்றது. பாதிக்கப்பட்டவர் பேச இயலாதபோது பிறர் பேசலாம் என்னும் நெறி வேரூன்றி வருகிறது. தீர்ப்பு வல்லரசையும் கட்டுப்படுத்தும் நாளில்தான் அந்நீதிமன்றத்தின் தகுதி முழுமை பெறும். நம் அரபுக் கல்லூரிகளில் ஸியர் பாடம் ஓதுவோர், கேளம்பாக்கத்தையும் நினைவிற்கொண்டு ஓதுவார்களாக.